ஓடுவது குதிரை, ஓட்டாண்டி ஆவது யார்?

2024-ஆம் ஆண்டு சனவரித் திங்கள். ஒரு சனிக்கிழமைக் காலை. முதல் நாள் இரவு செங்கற்பட்டில் பொதுக்கூட்டம். பேசி முடித்து, தோழர் வீட்டில் படுத்து எழுந்து, ரயில் நிலையத்துக்கு எதிரே தேநீர்க் கடையில் நின்றுகொண்டிருந்தோம். கொளவாய் ஏரிப் பக்கமிருந்து வாடைக் காற்று வந்துகொண்டிருந்தது. பக்கத்திலே ஒரு தம்பி. வயது முப்பதுக்குள் இருக்கும். விரல் இடுக்கிலும் நகக் கண்ணிலும் கருங்கல் தூசு. கையிலே ஒரு சிறு புத்தகம். காதிலே பென்சில். தேநீர் ஆறிப்போவதுகூடத் தெரியாமல் படித்துக்கொண்டிருந்தான்.

"ஆகா! உழைப்பாளித் தோழன் படிக்கிறான், பார்!" என்று மகிழ்ந்தோம். எட்டிப் பார்த்தோம். மகிழ்ச்சி பாதியில் நின்றது. அது குதிரைப் பந்தயப் புத்தகம்.

"இன்னைக்குக் கிண்டியா தம்பி?" என்று கேட்டோம்.

"ஆமாண்ணே" என்றான். பிறகு, குற்றம் செய்தவன் நற்சான்று தேடுவதுபோலச் சொன்னான்: "நேத்து உங்க கூட்டத்துக்கும் வந்திருந்தேன். கடைசி வரைக்கும் நின்னு கேட்டேன்."

அவன் கல் தச்சன். வீடு செங்கற்பட்டில், வேலை மாமல்லபுரத்தில், ஒரு சிற்பப் பட்டறையில். திருக்கழுக்குன்றம் வழியே பேருந்தில் போய், நாள் முழுதும் கல்லைக் கொத்தித் திரும்புகிறவன். ஐந்து நாள் கிழக்கே போகிறான், கூலிக்கு. ஆறாம் நாள் வடக்கே போகிறான், கூலியோடு!

பந்தயக்காரனைக் கண்டால், "பாவி, குடும்பத்தைக் கெடுக்கிறான்" என்று இரண்டு வசை பாடிவிட்டு நகர்ந்துவிடுவது வழக்கம். நாமும் மேடையில் அப்படிப் பேசியதுண்டு. அன்று வசை பாடவில்லை. "உன் கணக்கை எங்களுக்குச் சொல்லு தம்பி, கற்றுக்கொள்கிறோம்" என்றோம். பரனூர், சிங்கப்பெருமாள்கோயில், மறைமலைநகர் என்று ரயில் ஓட ஓட, அன்றைய பந்தயம் முழுவதையும் நடக்கும் முன்பே நம் கண் முன் நடத்திக் காட்டினான். அவன் பாடம் நடத்தினான், நாம் மாணவரானோம். அந்தப் பாடத்தைத்தான் இன்று தோழர்கள் முன் வைக்கிறோம்.

அவன் மூடனல்ல!

பந்தயம் ஆடுகிறவன் கண்ணை மூடிக்கொண்டு பணத்தை எறிகிறான் என்று எண்ணுகிறவர்கள், அந்தப் புத்தகத்தை ஒருமுறை புரட்டிப் பார்க்கட்டும். ஒரு நாளைக்கு ஏழு அல்லது எட்டு ஓட்டம். ஒவ்வோர் ஓட்டத்திலும் ஐந்து, பத்து, பன்னிரண்டு குதிரை. ஒவ்வொரு குதிரைக்கும் தந்தை யார், தாய் யார், வயது என்ன, பயிற்சியாளர் யார், ஏறும் ஜாக்கி யார், சுமக்கும் எடை எத்தனை கிலோ, கடந்த ஓட்டங்களில் எத்தனையாவதாக வந்தது, எந்தத் தூரத்தில், எந்த நேரத்தில் என்று எறும்பு எழுத்தில் அச்சாகியிருக்கிறது.

"இந்தக் குதிரை ஆயிரத்து இருநூறு மீட்டர்னா பறக்கும்ணே. ஆயிரத்து அறுநூறுன்னா கடைசி இருநூறுல மூச்சு வாங்கிடும். இன்னைக்கு ஆயிரத்து நானூறு. அதான் யோசனை" என்றான் தம்பி.

அடுத்த குதிரையைக் காட்டினான். "போன தடவை ஜெயிச்சுது. அதனால இந்தத் தடவை எடையை ஏத்திட்டாங்க. அறுபது கிலோ. இதோ, இது ஜெயிக்கலை. இதுக்கு ஐம்பத்திரண்டு. எட்டு கிலோ வித்தியாசம்ணே!" என்றான். எடை குறைந்த ஜாக்கிக்குச் சேணத்தோடு ஈயத் தகடு கட்டி எடையைச் சரிக்கட்டுவார்கள் என்றான். ஓட்டத்துக்கு முன்னும் நிறுப்பார்கள், பின்னும் நிறுப்பார்கள் என்றான். புதுப் பழகுநன் ஏறினால் எடையில் சலுகை உண்டு, வாயிலில் உள்பக்கம் நிற்கும் குதிரைக்கு வளைவில் தூரம் குறையும், மழை பெய்து தரை இளகினால் சில குதிரை சிறக்கும், சில குதிரை சறுக்கும் என்றான். காலைப் பயிற்சியில் எது எத்தனை நொடியில் ஓடிற்று என்பதைக்கூடப் பத்திரிகையில் பார்த்துக் குறித்து வைத்திருந்தான்.

ஓரத்தில் பென்சில் குறிகள்! புள்ளி, கோடு, வட்டம், இரட்டை வட்டம்! பத்தாம் வகுப்பில் கணக்கில் தேறாமல் பள்ளியை விட்டவனாம். இந்தக் கணக்குப் போடுகிறவனையா கணக்கில் தேறாதவன் என்று அனுப்பிவிட்டார்கள்? அந்த அறிவைக் கண்டு வியந்தோம். அந்த அறிவு எங்கே போய் விழுகிறது என்பதை எண்ணித்தான் வருந்தினோம்.

எடை போடுகிறவர் வேலை என்ன?

தோழர்களே, இங்கே சற்று நிற்போம். வென்ற குதிரைக்கு எடையை ஏற்றுகிறார்கள். தோற்ற குதிரைக்குக் குறைக்கிறார்கள். ஏன்? எடையை வகுக்கும் அதிகாரியின் இலட்சியம், எல்லாக் குதிரையும் ஒரே நேரத்தில் கம்பத்தைத் தொட வேண்டும் என்பது. வல்லதற்கும் மெல்லதற்கும் உள்ள வேறுபாட்டை ஈயத்தால் அழிப்பது அவர் தொழில். அதை அவர் எவ்வளவு நன்றாகச் செய்கிறாரோ, அவ்வளவுக்கு நம் தம்பியின் புத்தகப் படிப்பு பயனற்றதாகிறது! இவன் ஒரு வாரம் கண் விழித்து, 'இது வல்லது' என்று கண்டுபிடிக்கிறான். அவர் அதைப் போன மாதமே கண்டுபிடித்து அதன் முதுகில் எட்டு கிலோவை ஏற்றிவிட்டார்.

எல்லா ஓட்டமும் எடை ஏற்றும் ஓட்டமல்ல. டெர்பி போன்ற பெரிய ஓட்டங்களில் சம எடை உண்டு. உண்மை. அங்கே வல்ல குதிரை எது என்பது தம்பிக்கும் தெரியும், திடலில் உள்ள அத்தனை பேருக்கும் தெரியும். எல்லாருக்கும் தெரிந்ததற்கு என்ன விலை கிடைக்கும்? ஒன்றுக்கு அரை! வெல்லும் குதிரைக்கு விலை இல்லை. விலை உள்ள குதிரைக்கு வெற்றி இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவே ஓடிக்கொண்டிருக்கிறான் தம்பி, நாலு கால் இல்லாமலே!

புக்கியின் கரும்பலகை

கூடுவாஞ்சேரி வந்தது. "சரி தம்பி, புக்கி எப்படிப் பிழைக்கிறான்?" என்று கேட்டோம்.

"அவனும் சில நாள் தோப்பான்ணே" என்றான்.

புத்தகத்தின் பின்னட்டையில் ஒரு கணக்குப் போட்டோம். தோழர்களும் போட்டுப் பாருங்கள். ஓர் ஓட்டம், ஐந்து குதிரை. கணக்குக்காக நாமே விலை வைப்போம். முதல் குதிரைக்கு ஒன்றுக்கு ஒன்று. இரண்டாவதற்கு ஒன்றுக்கு மூன்று. மூன்றாவதற்கு ஒன்றுக்கு நான்கு. மற்ற இரண்டுக்கும் ஒன்றுக்கு ஒன்பது.

இப்போது, எந்தக் குதிரை வந்தாலும் நம் கைக்கு நூறு ரூபாய் திரும்பி வரும்படி ஐந்து குதிரை மீதும் கட்டுவோம். முதல் குதிரைக்கு 50 ரூபாய். இரண்டாவதற்கு 25. மூன்றாவதற்கு 20. நான்காவதற்கும் ஐந்தாவதற்கும் பத்துப் பத்து. கூட்டுங்கள்: 115!

எந்தக் குதிரை வந்தாலும் நூறு வரும். ஆனால் கட்டியது நூற்றுப் பதினைந்து. குதிரை ஒன்றுகூட இன்னும் கால் எடுத்து வைக்கவில்லை. பதினைந்து ரூபாய் போய்விட்டது. அந்தப் பதினைந்து எங்கே? அதுதான் புக்கியின் வீட்டு அடுப்பு. புக்கி ஒரு நாள் தோற்பான்; ஓர் ஆண்டு தோற்க மாட்டான். அவன் குதிரையை நம்பிப் பலகையில் எழுதவில்லை; கூட்டல் கணக்கை நம்பி எழுதுகிறான்.

தம்பி நெடுநேரம் அந்த 115-ஐப் பார்த்துக்கொண்டிருந்தான். "நான் புக்கிகிட்டே அதிகம் போறதில்லேண்ணே. டோட்தான்" என்றான்.

வெற்றி பெற்றும் வெறுங்கை!

டோட் என்பது என்ன? எல்லாருடைய பணத்தையும் ஒரே பானையில் கொட்டுவது. நடத்துகிறவர் பங்கையும் வரியையும் எடுத்துக்கொள்வது. மிச்சத்தை வென்றவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது. இதிலே புக்கியின் தந்திரம் இல்லை. இயந்திரம் கணக்குப் போடுகிறது. ஆகவே நேர்மையானது என்பது தம்பியின் வாதம். நேர்மையை மறுக்கவில்லை. பானையின் ஓட்டையைத்தான் காட்டினோம்.

நூறு பேர் ஆளுக்கு நூறு ரூபாய் போடுகிறார்கள். பானையில் பத்தாயிரம். கணக்குக்காக, பங்கும் வரியுமாக நூற்றுக்கு இருபது போகிறது என்று வைப்போம். மிச்சம் எட்டாயிரம். எல்லாருக்கும் பிடித்த குதிரை ஒன்று. அதன் மீது எண்பது பேர் கட்டியிருக்கிறார்கள். அது வென்றுவிட்டது! திடலே ஆர்ப்பரிக்கிறது! எட்டாயிரத்தை எண்பது பேருக்குப் பிரித்தால்? ஆளுக்கு நூறு. போட்டதும் நூறு, வந்ததும் நூறு. குதிரை வென்றது, ஜாக்கி வென்றான், உரிமையாளர் கோப்பை வாங்கினார். நீ மட்டும் வெல்லவில்லை!

அதோடு முடிந்ததா? அந்த நூறை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்கா வருகிறான்? அடுத்த ஓட்டத்தில் போடுகிறான். பானைக்குள் ஒவ்வொரு முறை போய் வரும்போதும் சராசரியாக ஐந்தில் ஒன்று குறைகிறது. நூறு ரூபாய் முதல் ஓட்டத்துக்குப் பின் 80. இரண்டாவதுக்குப் பின் 64. மூன்றாவதுக்குப் பின் 51. எட்டாவது ஓட்டம் முடியும்போது சுமார் 17 ரூபாய். ஒரு சிலர் கையில் கூடுதலாக வந்திருக்கும். அதனால் மற்றவர் கையில் அந்தப் பதினேழும் இல்லாமல் போயிருக்கும். யாரும் ஏமாற்றவில்லை, யாரும் திருடவில்லை. பானையைச் சுற்றிச் சுற்றி வந்ததே போதும், பணம் கரைந்துவிட்டது.

நாம் போட்டது அந்த நாளுக்கே தாராளமான கணக்கு. அப்போது கட்டும் பணத்தின் மீது ஜி.எஸ்.டி. மட்டுமே 28 விழுக்காடு. 2025 செப்டம்பர் 22 முதல் அது 40 விழுக்காடாக உயர்ந்தது. ஓடுவது குதிரை, முந்துவது வரி!

நாலரை மணியின் நம்பிக்கை

கணக்கு இப்படி இருக்க, மனிதன் ஏன் போகிறான்? அதையும் தம்பியே சொன்னான். முதல் ஓட்டத்துக்கு முன் திடலில் நிற்கும்போது, உலகத்திலே கவலை என்று ஒன்று இருப்பதே தெரியாதாம். சுற்றிக் காட்டும் வளையத்தில் குதிரைகளை நடத்தி வருவார்கள். தோல் பட்டுப்போல மின்னும். ஜாக்கிகள் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று சட்டை போட்டு ஏறுவார்கள். கதவு திறக்கும். வளைவு வரைக்கும் நெஞ்சு நின்றுவிடும். கடைசி இருநூறு மீட்டரில் உரிமையாளரும் கத்துகிறார், கூலிக்காரனும் கத்துகிறான். அந்த அரை நிமிடத்தில் மேட்டுக்குடி, கீழ்க்குடி எதுவும் இல்லை!

அந்த அரை நிமிடச் சமத்துவத்துக்குத்தான் ஒரு வாரக் கூலியைக் கொடுக்கிறான் தம்பி. இதைக் கேட்டபோது நமக்குச் சிரிப்பு வரவில்லை. வாரம் முழுவதும் மனிதனாக மதிக்காத உலகம், சனிக்கிழமை அரை நிமிடம் அவனை மனிதனாக்கி, அதற்குக் கட்டணமும் வாங்கிக்கொள்கிறது.

இரண்டு மணிக்கு ஊக்கம். மூன்று மணிக்கு, "மூக்களவிலே போச்சு!" நாலரை மணிக்கு, "விட்டதைப் பிடித்துவிடுவோம்." ஐந்தரை மணிக்கு, ரயில் கட்டணத்துக்காகத் தனியே முடிந்து வைத்த காசும் போகிறது. வள்ளுவர் சூதுக்கென்று ஓர் அதிகாரமே ஒதுக்கினார். அதிலே சூதாடி பெறும் வெற்றியை, மீன் விழுங்கிய தூண்டில் இரும்புக்கு ஒப்பிட்டார். தோல்வி மனிதனைக் கெடுப்பதில்லை, தோழர்களே. என்றோ ஒரு நாள் கிடைத்த வெற்றி கெடுக்கிறது! தம்பிக்கும் அப்படி ஒரு நாள் இருந்தது. ஜாக்பாட்டில் சில ஆயிரம் விழுந்ததாம். அந்த நாளின் எட்டு ஓட்டமும், வென்ற குதிரைகளின் பெயரும் மனப்பாடமாகச் சொன்னான். "கல் அறுக்கிற மெஷினை அடகு வெச்சது எந்த மாசம் தம்பி?" என்று கேட்டோம். அது அவனுக்கு நினைவில்லை.

யாருடைய திறமை?

இனிச் சட்டத்துக்கு வருவோம். 1949-லேயே குதிரைப் பந்தயத்தையும் சூதாட்டத்தில் சேர்க்கும் திருத்தச் சட்டம் இங்கே நிறைவேறியது. நடைமுறைக்கு வராமல் நெடுங்காலம் உறங்கியது. 1974-ல் கலைஞர் ஆட்சி குதிரைப் பந்தய ஒழிப்புச் சட்டம் கொண்டுவந்தது. வழக்கு தொடுத்தார்கள், தடை வாங்கினார்கள், குதிரைகள் ஓடிக்கொண்டே இருந்தன. 1986-ல் எம்.ஜி.ஆர். ஆட்சி, சென்னைப் பந்தயக் கழகத்தையே அரசு எடுத்துக்கொள்ளச் சட்டம் செய்தது. அதற்கும் வழக்கு. 1996 சனவரி 12-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: குதிரைப் பந்தயம் பெரிதும் திறமையைப் பொறுத்தது, ஆகவே அது சூதாட்டம் ஆகாது, 1986 சட்டமும் செல்லாது.

தீர்ப்புக்குத் தலை வணங்குகிறோம். ஆனால் கேள்வி கேட்கும் உரிமை குடிமகனுக்கு உண்டல்லவா? திறமை இருக்கிறது, மறுக்கவில்லை. யாருடைய திறமை? குதிரையின் கால் திறமை. ஜாக்கியின் கைத் திறமை. பயிற்சியாளரின் கண் திறமை. கம்பிக்கு இந்தப் பக்கம் நிற்கும் கல் தச்சனின் திறமை அதிலே எங்கே இருக்கிறது? அவன் குதிரையைத் தொட்டதுண்டா? கடிவாளம் பிடித்ததுண்டா? அவன் படிப்பதெல்லாம் பிறர் திறமையைப் பற்றிய செய்தி. கொடுப்பது மட்டுமே தன்னுடைய பணம்!

மாமல்லபுரத்துப் பட்டறையில் அவன் கையில் உளி இருக்கிறது. அங்கே கல்லுக்குள் கண் திறப்பது அவன் திறமை. மாமல்லபுரம் கற்சிற்பத்துக்கு 2017-ல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. இந்த விரலுக்கு நாடே முத்திரை குத்திக் கொடுத்திருக்கிறது. அந்த விரல், பந்தயச் சீட்டை எண்ணிக்கொண்டிருக்கிறது!

நேர்மையாக இன்னொன்றும் சொல்லவேண்டும். 'சூது' என்று பேசுகிறவர்கள் கையும் முழுக்கக் கறை படாததல்ல. 1968-ல் தமிழக அரசே பரிசுச் சீட்டுத் தொடங்கியது, நமது ஆட்சியில். நாட்டுப் பணிக்கு நிதி என்ற நோக்கம் நல்லதே. ஆனாலும் ஏழை தன் கடைசி நாணயத்தையும் அதிலே போட்டான். லாட்டரி விற்பனை இங்கே 2003-ல் தடை செய்யப்பட்டது. நம் வீட்டுக் கூரையிலும் ஓட்டை இருந்தது என்று ஒப்புக்கொள்கிறவனுக்குத்தான், அடுத்த வீட்டுக் கூரையைச் சுட்டிக்காட்டும் உரிமை உண்டு.

ஏக்கர் நாலு ரூபாய்க்கும் குறைவு!

கிண்டி யாருடைய மண்? சைதாப்பேட்டை வட்டம் பழைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. வெள்ளைக்காரன் காலத்தில், 1777 முதலே, கிண்டியில் குதிரை ஓட்டம் நடந்ததாகச் சொல்கிறார்கள். 1896-ல் பந்தயக் கழகம் அமைந்தது. 1945 முதல் 99 ஆண்டுக்குக் குத்தகை: 160 ஏக்கர்! ஆண்டு வாடகை எவ்வளவு தெரியுமா? ரூபாய் 614-ம் சில்லறையும். ஏக்கருக்கு நாலு ரூபாய்கூட இல்லை!

செங்கற்பட்டில் ஒற்றை அறைக் குடித்தனத்துக்கு நம் தம்பி ஒரு மாதம் கொடுக்கும் வாடகை, 160 ஏக்கருக்கு ஓர் ஆண்டுக்கு விதித்த வாடகையைப் போலப் பல மடங்கு. 1970-க்குப் பின் வாடகையை உயர்த்தியது அரசு. செல்லாது என்று வாதாடியது கழகம். 2023 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம், பாக்கி 730 கோடியே 86 லட்ச ரூபாயைக் கட்டச் சொன்னது. 2024 ஜூனில் ஊட்டித் திடலின் 52 ஏக்கரை அரசு மீட்டது. அந்த ஆண்டு செப்டம்பரில் கிண்டிக் குத்தகையை ரத்துச் செய்து முத்திரை வைத்தது. வழக்கும் தொடர்ந்தது. 118 ஏக்கரில் பூங்கா, வெள்ள நீரைத் தேக்கக் குளங்கள் என்று திட்டமும் அறிவித்தது. 2015 டிசம்பரில் பக்கத்து வேளச்சேரி வெள்ளத்தில் மிதந்ததைக் கண்டவர்களுக்கு, அங்கே குளம் வெட்டுவதன் அருமை தெரியும்.

இதைக் கேட்டுத் தோழர்கள் கை தட்டுவார்கள். நாமும் தட்டினோம். தட்டிய கை, அடுத்த மாதம் மாமல்லபுரம் போனபோது தானாகத் தாழ்ந்தது.

மணலிலே ஒரு குதிரை. கல்லிலே ஒரு குதிரை

அங்கே தம்பியைத் தேடிப் போனோம். மதியச் சாப்பாட்டு நேரம். கல் தூசு படிந்த புருவத்தோடு பட்டறைத் திண்ணையில் உட்கார்ந்து, கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான். "பெங்களூர்ல இன்னைக்கு எட்டு ரேஸ்ணே" என்றான் மெல்ல. யாரோ ஓர் ஆள் போனிலேயே கட்டிக்கொள்கிறானாம். ரயிலுக்குக்கூடப் போக வேண்டியதில்லை! திடலுக்குப் பூட்டுப் போட்டோம். ஆசைக்கு யார் பூட்டுப் போடுவது? இணையப் பண விளையாட்டுக்கு எதிராக 2022-ல் தமிழக சட்டமன்றமும், 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் சட்டம் செய்தன. சட்டம் வேண்டும். ஆனால் சட்டம் வாசலில்தான் நிற்கும். சட்டைப் பைக்குள் நுழைய அதனால் முடியாது.

கடற்கரைக்கு நடந்தோம். சுற்றுலா வந்தவர்களை ஏற்றிக்கொண்டு மணலில் ஒரு குதிரை நடந்துகொண்டிருந்தது. விலா எலும்பை எண்ணலாம். "இதுவும் ஒரு காலத்துல ரேஸ்ல ஓடினதுன்னு சொல்லித்தான் வித்தாங்க" என்றார் குதிரைக்காரர். மெய்யோ பொய்யோ, நாம் அறியோம். தம்பி அதன் பல்லைப் பார்த்தான், காலைப் பார்த்தான், கழுத்தைத் தடவினான். எத்தனையோ ஆண்டுகளாகக் குதிரை மீது பணம் கட்டியவன், அன்றுதான் முதன்முதலாக ஒரு குதிரையைத் தொட்டான்!

இந்தக் கடற்கரைக்குக் குதிரை புதிதல்ல. தொண்டை நாட்டு நீர்ப்பெயற்றுத் துறையில் கலங்கள் குதிரைகளைக் கொண்டுவந்து இறக்கியதைப் பெரும்பாணாற்றுப்படை சொல்கிறது. அந்தத் துறை இந்த மாமல்லபுரப் பக்கமே என்று கருதும் ஆய்வாளர் உண்டு. அரசர்கள் குதிரை வாங்கினார்கள். சுமையை இறக்கியவன் யார்? குதிரை கட்டிய இலாயத்தைக் கூட்டியவன் யார்? பெயர் இல்லை. 2004 டிசம்பர் 26-ல் ஆழிப்பேரலை வந்து போனபின், கடற்கரைக் கோயிலருகே மணல் விலகி, பாறையிலே செதுக்கிய யானைத் தலையும் பாயும் குதிரையும் தெரிந்தன என்று செய்தி வந்தது. அந்தக் குதிரையைச் செதுக்கியவன் பெயரும் இல்லை. ஆனால் வேலை இருக்கிறது! கலம் ஏறி வந்த குதிரை மாண்டது. அதில் ஏறிய அரசன் மாண்டான். கூலிக்காரன் கை செய்த குதிரை அலைக்கும் மணலுக்கும் ஈடுகொடுத்து நிற்கிறது.

"கொள்ளென்றால் வாயைத் திறக்கும், கடிவாளமென்றால் வாயை மூடும்" என்று குதிரையைப் பற்றி நம் கிழவிகள் சொல்வார்கள். இந்த ஆட்டத்தில் அது தலைகீழ். குதிரைக்குக் கொள்ளு, நமக்குக் கடிவாளம்!

நமது கணிப்பு

பந்தயப் பக்கத்தில் கடைசியில் 'இன்றைய கணிப்பு' என்று போடுவார்கள். நாமும் ஒன்று சொல்லி முடிக்கிறோம். அன்று தம்பியிடம் சொன்னதுதான்.

"தம்பி, உன் பழைய புத்தகங்களிலே எத்தனை குதிரையின் வரலாறு இருக்கிறது?"

"ஆயிரத்துக்கு மேலே இருக்கும்ணே."

"உன் வரலாறு எந்தப் பக்கத்தில்?"

அவன் பேசவில்லை.

பந்தயக்காரன் அத்தனை பேரிடமும் இருக்கும் குறை இது. குதிரை எத்தனை முறை தோற்றது என்று எழுதி வைப்பான். தான் எத்தனை முறை தோற்றான் என்று எழுத மாட்டான். வென்ற நாளை மனத்தில் எழுதுவான். தோற்ற நாளைக் காற்றில் எழுதுவான். ஒரு கோடு போட்ட நோட்டும் அவன் காதிலிருந்த பென்சிலும் போதும் என்றோம். சென்ற பத்துச் சனிக்கிழமை. கொண்டு போனது எவ்வளவு, கொண்டு வந்தது எவ்வளவு. மனைவியிடம் சொன்ன தொகை வேண்டாம், மெய்த் தொகை. எழுதச் சொன்னோம். திண்ணையிலேயே உட்கார்ந்து எழுதினான். எட்டு வரி வரை கை ஓடியது. ஒன்பதாவதில் நின்றது. கூட்டச் சொன்னோம். கூட்டினான். தொகையை நமக்குக் காட்டவில்லை, நாமும் கேட்கவில்லை. நோட்டை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, நெடுநேரம் கடலைப் பார்த்தான். "மெஷினை மீட்டுட்டு இன்னும் மிச்சம் இருந்திருக்கும்ணே" என்றான்.

அவன் அன்றே திருந்திவிட்டான் என்று கதை கட்ட மாட்டோம். அடுத்த சனிக்கிழமை என்ன செய்தான் என்று நாம் போய்ப் பார்க்கவில்லை. ஆனால் அந்த நோட்டு அவன் பையில் இருக்கிறது. அது பேசும், நாம் மேடையில் மூன்று மணி நேரம் பேசுவதைவிட நன்றாகப் பேசும்.

தோழர்களே! உங்கள் கிளையில், உங்கள் பணிமனையில், உங்கள் தெருவில் இப்படி ஒருவன் இருப்பான். அவனை ஏசாதீர்கள். அவன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு நோட்டைக் கொடுங்கள். குதிரையைப் பார்க்கும் அதே கண்ணால் தன்னைப் பார்க்கச் சொல்லுங்கள். வயது முப்பது. சுமை: வாடகை, வட்டி, மனைவி, முதல் வகுப்புப் போகும் பிள்ளை, அடகில் கிடக்கும் கருவி. கடந்த பத்து ஓட்டத்தில் ஒன்பது தோல்வி. மூச்சிலே கல் தூசு. கடிவாளம் பிறர் கையில்.

இந்தக் குதிரை மீது நீ பணம் கட்டுவாயா, தம்பி?

கட்ட மாட்டாய். நீ கெட்டிக்காரன். ஆகவேதான் சொல்கிறோம்: முதலில் அந்தச் சுமையை இறக்கு. கடிவாளத்தை உன் கையில் வாங்கு. பிறகு ஓடு. அந்த ஓட்டத்தில் நீ வெல்வாய் என்று கட்ட, நாம் இருக்கிறோம்!